படைவீரர் மருத்துவமனை ஒன்றின் வரலாறு

போர்க்களத்தில் முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றியவர்கள் நம் முன்னோர். களத்தில் வீழ்ந்துபட்ட வீரனுக்கு நடுகல் நாட்டி, அதில் அவனுடைய பெயரையும் பீட்டையும் பொறித்து, மயிற்பீலி சூட்டி வழிபட்டார்கள் என்பதைச் சங்க நூல்கள் நமக்குக் கூறுகின்றன. இறந்த வீரனுக்குச் செய்யவேண்டிய சிறப்பு அது. ஆனால், புண்பட்டும் இறவாமல் பிழைத்துக்கொண்ட வீரனின் நிலை யாது? காலை இழந்தோ கண்ணை இழந்தோ ஊர் திரும்புகிறவனைப் பேணுவார் யார்? அவனையே நம்பியிருக்கும் மனைவி மக்களுக்கு நோய் வந்தால் பார்ப்பார் யார்? நடுகல் நாட்டுவதைவிடக் கடினமான கேள்வி இது. ஏனெனில், கல் ஒருமுறை நாட்டினால் போதும். உயிரோடிருப்பவனை நாள்தோறும் பேணவேண்டும்.

நம் நாட்டில் அந்நாளில் இப்பணியை அவனுடைய வீடே செய்தது. புண்பட்டுக் கிடக்கும் வீரனின் மனையில் வேப்பிலை செருகி, வெண்கடுகு புகைத்து, யாழிசைத்து, இரவெல்லாம் கண்விழித்து அவனைக் காத்த பெண்டிரைப் புறநானூறு நம் கண்முன் நிறுத்துகிறது. மருத்துவமனை என்ற பெயர் அதற்கு இல்லை என்றாலும், நோயாளியைச் சுற்றி ஒரு குடும்பம் விழித்திருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. காலம் மாறியது. படைகள் கடல் கடந்து சென்றன. வீரன் வீழும் இடத்திற்கும் அவனுடைய வீட்டிற்கும் இடையே ஆயிரக்கணக்கான கல் தொலைவு ஏற்பட்டது. வீடு செய்துவந்த பணியை அரசு ஏற்கவேண்டியதாயிற்று. அவ்வாறு தோன்றியவையே படைவீரர் மருத்துவமனைகள்.

இத்தகைய மருத்துவமனைகள் இன்று எல்லா நாடுகளிலும் உள்ளன. அவற்றுள் ஒன்றன் வரலாற்றை மட்டும் இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன். அது அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில் 1909-ஆம் ஆண்டு முதல் 2011-ஆம் ஆண்டு வரை விளங்கிய வால்ட்டர் ரீடு இராணுவ மருத்துவமனை. அதன் பெருமையும் நமக்குப் பாடம். அதற்கு நேர்ந்த சிறுமையும் நமக்குப் பாடம்.

அதன் வரலாற்றை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை நம் திருவள்ளுவரிடமே பெறலாம். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்று அவர் வகுத்திருக்கிறார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து மூன்றாவது, நோயாளியின் அருகிலிருந்து மருந்தைக் காலமறிந்து கொடுத்துப் பேணுகின்றவன் நான்காமவன். இந்நான்கனுள் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவு பெறாது. இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு கதையைக் கேளுங்கள்.

முதலில், அம்மருத்துவமனைக்குப் பெயர் தந்த மனிதரைப் பற்றிச் சில சொற்கள். வால்ட்டர் ரீடு 1851-ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். வர்ஜீனியாப் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றபொழுது அவருக்கு வயது பதினேழு. 1875-இல் படை மருத்துவராகச் சேர்ந்து, பல ஆண்டுகள் நாட்டின் மேற்கெல்லையிலுள்ள தொலைதூரப் படைமுகாம்களில் பணியாற்றினார். அங்கே படைவீரர்க்கு மட்டுமன்றி, அவர்களுடைய மனைவி மக்களுக்கும், அண்டையில் குடியேறியிருந்தோருக்கும், அந்நிலத்தின் பழங்குடி மக்களுக்கும் அவரே மருத்துவர். பேர்பெற்ற ஆராய்ச்சியாளர் ஆவதற்கு முன் அவர் காய்ச்சலுக்கும் பிரசவத்திற்கும் எலும்பு முறிவுக்கும் இரவு பகலாக ஓடிய எளிய மருத்துவராக இருந்தார்.

1898-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுடன் அமெரிக்கா போர் தொடுத்தது. அப்போரில் பகைவரின் குண்டுக்கு இரையான அமெரிக்க வீரர் நானூறு பேருக்கும் குறைவு. நோய்க்கு இரையானோர் ஆயிரக்கணக்கினர். போர்க்களத்தைக் கண்ணாலும் காணாத இளைஞர்கள், தங்கள் நாட்டுப் பயிற்சி முகாம்களிலேயே டைபாய்டு காய்ச்சலால் மடிந்தார்கள். காரணம் அறிய ஒரு குழு அமைக்கப்பட்டது. ரீடு அதன் தலைவர். அக்குழு ஆராய்ந்த படைப்பிரிவுகளில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோர் அந்நோயால் தாக்கப்பட்டிருந்தனர். 1,500-க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். குடிநீர் மட்டுமே காரணம் என்று பலர் எண்ணியிருக்க, மூடப்படாத கழிவிடமும், அங்கிருந்து உணவின்மீது வந்து அமரும் ஈயும், நோயாளியைத் தொட்ட கையும் பெருங்காரணங்கள் என்று அக்குழு கண்டுரைத்தது. குண்டைவிட ஈ கொடியது என்ற உண்மையை உலகப் படைகள் அப்பொழுதுதான் நன்குணரத் தொடங்கின.

இரண்டாண்டுகள் கழித்து, 1900-இல், கியூபாத் தீவில் மஞ்சள் காய்ச்சல் படைவீரரைச் சூறையாடியது. ரீடு தலைமையில் நால்வர் அடங்கிய குழு அங்கே அனுப்பப்பட்டது. மற்ற மூவர் ஜேம்ஸ் காரல், ஜெஸி லஸியர், அரிஸ்டிடெஸ் அக்ரமான்டே என்போர். நோயாளியின் ஆடையும் படுக்கையும் நோயைப் பரப்புகின்றன என்பதே அந்நாளைய நம்பிக்கை. கொசுவே இந்நோயைப் பரப்புகின்றது என்று கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881-ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தார். ஆயினும் அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. இதற்கிடையே நம் நாட்டில் ஒரு பெருஞ்செயல் நிகழ்ந்திருந்தது. அல்மோராவில் பிறந்து, இந்திய மருத்துவப் பணியில் படை மருத்துவராக அமர்ந்து, சென்னை மாகாணத்திலும் பணியாற்றிய ரொனால்டு ராஸ் என்பவர், 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செகந்தராபாதில், மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதைக் கண்டுபிடித்திருந்தார். ஒரு நோய்க்குக் கொசு காரணமாயின் மற்றொரு நோய்க்கும் ஏன் ஆகலாகாது?

ரீடின் குழு எளிய ஒரு சோதனையை வகுத்தது. இரண்டு சிறு மரவீடுகள் கட்டப்பட்டன. முதல் வீட்டில், மஞ்சள் காய்ச்சலால் இறந்தவர்களும் நோயுற்றவர்களும் பயன்படுத்திய, கழுவப்படாத, நாறுகின்ற படுக்கைகளையும் ஆடைகளையும் குவித்து, அவற்றின் நடுவே மூவரை இருபது இரவுகள் உறங்கச் செய்தார்கள். உள்ளே கொசு நுழைய வழியில்லை. அம்மூவரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. இரண்டாம் வீடு துப்புரவானது; காற்றோட்டமுடையது; படுக்கைகள் வெளுத்தவை. நடுவே ஒரு கம்பிவலைத் தடுப்பு. ஒரு பக்கத்தில் நோயாளியைக் கடித்த கொசுக்கள் விடப்பட்டன. மறுபக்கத்தில் கொசு இல்லை. கொசு உள்ள பக்கத்தில் படுத்த ஜான் மோரன் என்பவர் சில நாட்களில் நோயுற்றார். வலைக்கு அப்பாலிருந்து அதே காற்றைச் சுவாசித்தவர்கள் நலமாக இருந்தார்கள். அறிவியல் பயிலும் மாணவர்கள் இச்சோதனையை ஊன்றிக் கவனிக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, விளைவு மாறினால் காரணம் அதுவே என்று கொள்ளுவது. சோதனை முறையின் உயிர்நாடி இதுதான்.

இச்சோதனையில் இறங்கியவர்களிடம், அபாயத்தை விளக்கி எழுதிய ஒப்பந்தத்தில் ரீடு கையெழுத்துப் பெற்றார். நூறு டாலர் பொன் தருவதாகவும், நோயுற்றால் மேலும் நூறு தருவதாகவும் அதில் கண்டிருந்தது. மோரனும், ஜான் கிஸ்ஸிஞ்சர் என்ற படைவீரரும் பணம் வேண்டா என்று மறுத்துவிட்டு உடம்பைக் கொடுத்தார்கள். அந்த முகாமின் சோதனைகளில் யாரும் இறக்கவில்லை. ஆனால் அம்முகாம் அமைவதற்கு முன்பே, அக்குழுவைச் சேர்ந்த லஸியர், கொசுக்கடியால் நோயுற்று 1900-ஆம் ஆண்டு செப்டம்பரில் உயிர்நீத்தார். அவருடைய மனைவி, இரண்டாவது மகப்பேற்றுக்காகத் தாய்நாடு சென்றிருந்தார். பிறந்த குழந்தையின் முகத்தை அத்தந்தை பார்க்கவேயில்லை. மறு ஆண்டில், வேறொருவர் நடத்திய சோதனைக்கு முன்வந்த கிளாரா மாஸ் என்ற இருபத்தைந்து வயதுச் செவிலியும் உயிர் துறந்தார். ஒவ்வொரு கண்டுபிடிப்பின் பின்னும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு விளக்கு அணைந்திருக்கிறது. அதனை மறந்துவிட்டு அறிவியலைப் படிப்பது அரைப் படிப்பேயாகும்.

கொசுவை ஒழித்ததால் 1901-இல் ஹவானா நகரத்தில் அந்நோய் அடங்கியது. பின்னர் பனாமாக் கால்வாய் வெட்டப்பட்டபொழுது, கோர்காஸ் என்ற படை மருத்துவர் இவ்வறிவைக் கொண்டே ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் காத்தார். ஆனால் ரீடு நெடுநாள் வாழவில்லை. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் குடல்வால் வெடித்து நஞ்சேறியது. அவருக்கு அறுவை செய்தவர் அவருடைய நண்பராகிய வில்லியம் போர்டன் என்ற படை மருத்துவர். நண்பரின் கையாலும் அவரைக் காக்க முடியவில்லை. ஐம்பத்தொன்றாம் வயதில் ரீடு காலமானார்.

பழையதாகிப்போன தம் மருத்துவமனைக்குப் பதிலாகப் புதிய மருத்துவமனை ஒன்றை நிறுவவேண்டும் என்றும், அதற்கு மறைந்த நண்பரின் பெயரே சூட்டவேண்டும் என்றும் போர்டன் பல ஆண்டுகள் மன்றாடினார். அதனைப் போர்டனின் கனவு என்றே பலரும் அழைத்தனர். 1905-இல் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. 1909-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், பத்து நோயாளிகளுடன் வால்ட்டர் ரீடு மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்பொழுது அங்கிருந்தவை எண்பது படுக்கைகள். முதலாம் உலகப்போர் வந்தது. அந்த எண்பது, சில மாதங்களிலேயே 2,500 ஆக வளர்ந்தது. எங்கு நோக்கினும் மரக்கொட்டகைகள். அவற்றுள் கையிழந்தோர், காலிழந்தோர், நச்சுப்புகையால் நுரையீரல் கெட்டோர்.

அங்கேதான் மருத்துவத்தின் ஒரு புதிய பகுதி வேரூன்றியது. அறுவை முடிந்து புண் ஆறிவிட்டால் மருத்துவம் முடிந்தது என்றே அதுவரை கருதிவந்தார்கள். புண் ஆறியபின் அவன் எப்படி நடப்பான், எப்படிப் பொத்தான் மாட்டுவான், எந்தத் தொழிலால் பிழைப்பான் என்ற கேள்விகள் மருத்துவனுடையவை அல்ல என்று எண்ணினார்கள். 1918-ஆம் ஆண்டில் மேரி மக்மில்லன் என்ற பெண்மணி இம்மருத்துவமனைக்கு வந்தார். தசைகளைப் பிசைந்தும், மூட்டுகளை மெல்ல மெல்ல அசைத்தும், நீரிலும் நிலத்திலும் பயிற்சி தந்தும், செயலற்றுக் கிடந்த உறுப்புகளை மீண்டும் இயங்கச் செய்யும் கலையில் அவர் வல்லவர். அவரைப் போன்ற பெண்கள் நூற்றுக்கணக்கில் பயிற்சி பெற்றார்கள். அவர்களுக்குப் படையில் பதவியும் இல்லை, பட்டமும் இல்லை. இன்று இயன்முறை மருத்துவம் என்று நம் கல்லூரிகளில் தனிப் பாடமாகப் பயிலப்படுகின்ற துறை, அமெரிக்காவில் அப்பெண்களின் கைகளிலிருந்தே வளர்ந்தது. அதே 1918-இல் படைச் செவிலியர் பள்ளியும் நிறுவப்பட்டது. வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பாகிய அருகிருந்து பேணுவோர்க்கு அம்மருத்துவமனையில் உரிய இடம் கிடைத்தது.

இனி, குடும்பங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். படைவீரனுக்கு மருத்துவம் செய்யவேண்டியது அரசின் கடமை. அவனுடைய மனைவிக்கும் குழந்தைக்கும் ஏன் செய்யவேண்டும் என்று சிலர் கேட்கலாம். நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில் எங்கள் பள்ளியில் பயின்ற ஒருவன் படையில் சேர்ந்தான். விடுமுறைக்கு வந்தவன் என்னைக் காண வந்திருந்தான். பனிமலையின் உச்சியில் காவல் இருப்பவன் அவன். "எல்லையில் உனக்கு அச்சமாக இருப்பதில்லையா, தம்பி?" என்று கேட்டேன். "அங்கே அச்சமில்லை, ஐயா. என்ன செய்யவேண்டும் என்பது அங்கே தெரியும். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால்தான் கை நடுங்குகிறது. அங்கிருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?" என்றான். இக்கேள்விக்கு நான் விடை கூறவில்லை. ஒரு நாடுதான் விடை கூறவேண்டும்.

அமெரிக்க நாடாளுமன்றம் இவ்வுண்மையைச் சிறிது சிறிதாகவே ஏற்றது. இயன்றபொழுதெல்லாம் படைவீரரின் குடும்பத்தினருக்கும் படை மருத்துவர்கள் கட்டணமின்றி மருத்துவம் செய்யவேண்டும் என்று 1884-ஆம் ஆண்டில் விதித்தது. "இயன்றபொழுது" என்ற சொல்லில் இருந்த தளர்ச்சியைப் பாருங்கள். இயலாதபொழுது? இரண்டாம் உலகப்போரின்போது, கீழ்நிலைப் படைவீரர்களின் மனைவியர்க்கு மகப்பேற்று உதவியும், அவர்களுடைய கைக்குழந்தைகளுக்கு மருத்துவமும் அளிக்க 1943-இல் தனித்திட்டம் வகுக்கப்பட்டது. 1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே குடும்ப மருத்துவத்தை உறுதியான உரிமையாக்கியது. ஆகவே வால்ட்டர் ரீடு போன்ற மருத்துவமனைகளில், ஒரு கூடத்தில் குண்டுபட்ட தந்தை படுத்திருக்க, மற்றொரு கூடத்தில் குழந்தை பிறப்பதும், ஓய்வுபெற்ற முதியவர் கண்புரைக்கு மருத்துவம் பெறுவதும் நாள்தோறும் நிகழ்ந்தன. முதல் உலகப்போரின் படைத்தலைவராகிய பெர்ஷிங் தம் இறுதி ஆண்டுகளை அங்கேயே கழித்து 1948-இல் மறைந்தார். 1964-இல் மக்கார்தரும், 1969-இல் முன்னாள் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரும் அங்கேயே காலமானார்கள். தலைவனுக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒரே மருத்துவமனை என்பது எண்ணிப் போற்றத்தக்கது.

நண்பர்களே, இதுவரை பெருமையைக் கூறினேன். இனிச் சிறுமையைக் கூறவேண்டும்.

2001-க்குப் பின் ஆப்கானிஸ்தானத்திலும், 2003 முதல் ஈராக்கிலும் அமெரிக்கா போரிட்டது. மருத்துவம் அப்பொழுது மிக உயர்ந்திருந்தது. களத்தில் வீழ்ந்தவனை அங்கேயே குருதி கட்டி, வானூர்தியில் ஜெர்மனி நாட்டிலுள்ள லாண்ட்ஸ்டூல் என்ற ஊரின் மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, சில நாட்களுக்குள் வாஷிங்டனுக்குச் சேர்த்தார்கள். முந்திய போர்களில் இறந்தே போயிருக்கக்கூடியவர்கள் இப்பொழுது பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தவர்களுக்குத் தேவைப்பட்டது நெடுங்கால மருத்துவம். அறுவை முடிந்தது, படுக்கையைவிட்டு எழுந்தாயிற்று, ஆயினும் வீட்டுக்குச் செல்லும் நிலையில்லை. இத்தகையோர் நூற்றுக்கணக்கில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் மாதக்கணக்காகத் தங்கவைக்கப்பட்டனர்.

2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' என்ற நாளிதழில் டானா பிரீஸ்ட், ஆன் ஹல் என்ற இரண்டு பெண் செய்தியாளர்கள் எழுதிய கட்டுரைகள் வெளிவந்தன. அவர்கள் பல மாதங்கள் அங்கே சென்று, வீரர்களோடும் அவர்களுடைய தாய்மாரோடும் மனைவியரோடும் பேசி எழுதியவை அவை. மருத்துவமனை வாயிலுக்கு எதிரே பதினெட்டாம் எண் கட்டடம் என்று ஒன்று. முன்பு தங்கும் விடுதியாக இருந்தது. அதன் சுவர்களில் பூஞ்சணம் பூத்திருந்தது. எலியும் கரப்பான் பூச்சியும் ஓடின. நாட்டுக்காக உறுப்பிழந்தவர்கள் அங்கே குடியிருந்தார்கள். அதைவிடக் கொடியது அலுவலகச் சுழல். ஒருவன் மருத்துவமனையை விட்டு விடைபெற, எட்டு அலுவலகங்களுக்கு இருபத்திரண்டு படிவங்கள் நிரப்பி அளிக்கவேண்டியிருந்தது என்று அந்நாளிதழ் கணக்கிட்டுக் காட்டியது. மூளையில் அடிபட்டு, நேற்று நடந்தது இன்று நினைவில் நில்லாதவன், அத்தனை படிவங்களை எவ்வாறு நிரப்புவான்? எந்த நாளில் எந்த மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதை யார் அவனுக்கு நினைவூட்டுவார்? வேலையை விட்டுவிட்டு ஊரிலிருந்து வந்த தாயும் மனைவியுமே அப்பணியைச் செய்தார்கள். அவர்களுக்குத் தங்க இடமும் செலவுக்குப் பணமும் எளிதில் கிட்டவில்லை.

இப்பொழுது நம் அளவுகோலை எடுத்து வைத்துப் பாருங்கள். நோயாளி இருந்தான், அவன் மனவலிமைக்குக் குறைவில்லை. மருத்துவர் இருந்தார், உலகிலேயே சிறந்தவர்களுள் ஒருவர். மருந்து இருந்தது, கருவி இருந்தது, பொற்கைப் பாண்டியன் கதையை நினைவூட்டும் செயற்கைக் கைகளும் இருந்தன. முதல் மூன்று உறுப்புகளில் குறையில்லை. நான்காம் உறுப்பில்தான் குறை. அருகிலிருந்து பேணுவோர் போதவில்லை. இங்கே பேணுவோர் என்பது செவிலியை மட்டும் குறிப்பதன்று. விடுதியின் சுவரைத் துடைப்பவர், படிவத்தை எளிதாக்குபவர், தாய்க்கு ஓர் அறை ஒதுக்குபவர், "உன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, தம்பி?" என்று தாமாகவே சென்று கேட்பவர்; இவர்கள் எல்லோரும் அவ்வுறுப்பில் அடங்குவர். அறுவைக் கூடத்தில் விளக்கு எரிந்தது; அடுத்த தெருவில் இருள் இருந்தது.

கட்டுரை வெளிவந்த சில நாட்களில் மருத்துவமனைத் தலைவர் நீக்கப்பட்டார். படைத்துறைச் செயலாளர் பதவி விலகினார். இவற்றைவிட முக்கியமானது பின்னர் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் புண்பட்டு, வலக்கை வழங்காமற்போன பாப் டோல் என்ற முதிய அரசியல் தலைவரும், டானா ஷலாலா என்ற அம்மையாரும் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கினார்கள். பெரும்புண் பட்ட ஒவ்வொருவருக்கும், முதல் நாள் முதல் வீடு சேரும் நாள் வரை உடன்நின்று வழிகாட்ட ஒருவர் பொறுப்பேற்கவேண்டும் என்பது அக்குழுவின் தலையாய பரிந்துரை. புண்பட்டவனைப் பேணும் குடும்பத்தினர் வேலையை இழவாதிருக்க விடுப்பு வேண்டும் என்பது மற்றொன்று. 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அத்தகையோர்க்கு ஓராண்டில் இருபத்தாறு வாரம் வரை விடுப்பு அளிக்கும் சட்டம் நிறைவேறியது. அருகிருந்து பேணுதல் ஆதரவு மட்டுமன்று, மருத்துவத்தின் ஓர் உறுப்பே என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

பொதுமக்களும் வாளா இருக்கவில்லை. இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சக்கரி பிஷர் என்ற நியூயார்க் நகரக் கட்டட வணிகரும் அவர் மனைவி எலிசபெத்தும், படைவீரர் மருத்துவமனைகளின் அருகே குடும்பத்தினர் கட்டணமின்றித் தங்குவதற்கென வீடுகளைக் கட்டித் தரத் தொடங்கியிருந்தனர். முதல் இல்லம் 1990-இல் திறக்கப்பட்டது. பொதுவான சமையலறை, பொதுவான உணவுமேசை. ஒரு தாய் தன் மகனைப் பற்றி மற்றொரு தாயிடம் சொல்லி அழுவதற்கும் ஆறுவதற்கும் அங்கே இடம் உண்டு. மருந்துக்கடையில் கிடைக்காத மருந்து அது.

நூற்றிரண்டு ஆண்டுகள் பணியாற்றிய பின், 2011-ஆம் ஆண்டில் அப்பழைய மருத்துவமனை மூடப்பட்டது. அண்மையில் பெத்தெஸ்டாவிலிருந்த கடற்படை மருத்துவமனையுடன் அது இணைக்கப்பட்டது. வால்ட்டர் ரீடு என்ற பெயர் மட்டும் புதிய நிறுவனத்தின் பெயரில் முதற்சொல்லாக நின்று விளங்குகிறது.

நம் நாட்டிலும் இத்தகைய மருத்துவமனைகள் பல உள்ளன. சென்னையிலும், நீலகிரியில் வெலிங்டனிலும் படைவீரர் மருத்துவமனைகள் இருக்கின்றன. புனே நகரத்தில் 1944-இல் செயற்கை உறுப்பு நிலையமும், 1948-இல் படை மருத்துவக் கல்லூரியும் நிறுவப்பட்டன. பணியிலிருக்கும் வீரர்களோடு அவர்களைச் சார்ந்த மனைவி மக்களும் பெற்றோரும் நம் படை மருத்துவமனைகளில் மருத்துவம் பெறுகின்றனர். ஓய்வுபெற்றோர்க்கும் அவர்தம் குடும்பத்தினர்க்கும் 2003-ஆம் ஆண்டு முதல் தனித்திட்டம் நடைபெற்றுவருகிறது. எல்லோரும் நோயின்றி வாழ்க என்னும் பொருளமைந்த வடமொழித் தொடரே நம் படை மருத்துவப் பிரிவின் குறிக்கோள் வாசகம். அதில் படைவீரர் என்ற சொல் இல்லை. எல்லோரும் என்ற சொல்லே இருக்கிறது என்பதை நோக்குங்கள்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் மருத்துவர் ஆவீர்கள். சிலர் ஆராய்ச்சியாளர் ஆவீர்கள். இரண்டும் உயர்ந்த தொழில்கள். ரீடையும் ராஸையும் எண்ணிப் பாருங்கள். ஆனால் பெரும்பாலோர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கடைகளிலும் பணிமனைகளிலும் அமரப்போகிறீர்கள். உங்கள் மேசைக்கு முன்னால் என்றேனும் ஒருநாள், கோல் ஊன்றிய ஒரு முன்னாள் படைவீரரோ, கையில் ஒரு காகிதத்தோடு அவருடைய மனைவியோ வந்து நிற்பார்கள். "நாளை வா" என்று சொல்லுவதும், "உட்காருங்கள், அம்மா; நானே எழுதித் தருகிறேன்" என்று சொல்லுவதும் அப்பொழுது உங்கள் நாவில்தான் இருக்கும். மருத்துவனாவதற்குப் பல ஆண்டுப் படிப்பு வேண்டும். வள்ளுவர் சொன்ன நான்காம் உறுப்பாவதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. பக்கத்து வீட்டில் படைக்குச் சென்றவனின் முதிய தாய் தனித்திருந்தால், இன்று மாலையே நீங்கள் அப்பணியைத் தொடங்கலாம்.